யூனியனுக்கு ஒதுக்கிய காசு

மீன்தொட்டிக்குக் கணக்குப் போடும்போது நான் முதலில் எழுதுவது யூனியன் என்னும் கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு. சொலூஷன் தடவி ஒட்டிய எல்போவில் பிவிசியின் மேல்தோல் கரைந்து, குழாயும் அதுவும் ஒன்றாகிவிடும்; பிறகு அறுக்கத்தான் வேண்டும். யூனியனோ கைத்திருகலுக்கே கழன்று கொடுக்கும். உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஈரத்தோடு மின்னும். மோட்டாரைத் தனியே எடுத்துப் பாசி கழுவி, மறுபடி மாட்டிவிடலாம். அந்த வசதிக்கு எத்தனை ரூபாயும் தகும். எல்போவில்தான் சிக்கனம் வேண்டும். வளைவு கூடக்கூடத் தண்ணீரின் ஓட்டம் குறையும்.

காசே கேட்காத ஒன்றும் உண்டு. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போடும் சின்னத் துளை. கரண்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி இறங்கும். மட்டம் துளையைத் தொட்டதும் காற்று புகுந்து, ஓட்டம் சட்டென நின்றுவிடும். கீழ்த்தொட்டி வழியாது.