கொச்சிச் செப்பேடும் குடியேற்றக் கதையும்

முன்னோர் வைத்துச் சென்ற பொருளைக் காட்டுவோர், அதனுடன் அப்பொருள் வந்த கதையையும் கூறுவது இயல்பு. பொருள் உண்மையாயின் கதையும் உண்மையாகும் எனக் கேட்போர் கொண்டுவிடுகின்றனர். கொச்சியில், மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில் வழிவழியாகக் காக்கப்பெற்று வந்த செப்பேட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இம்மயக்கத்தில் எழுந்ததே. அச்செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. வடசொற்களுக்குக் கிரந்தம் கலந்துள்ளது. அதன் மொழி, தமிழ்க் கல்வெட்டுப் பயின்றார்க்குப் பெரிதும் விளங்குவது. ஆதலின் அதன் சொல் எது, அதன்மேல் ஏற்றப்பட்ட கதை எது எனப் பிரித்தறியும் கடமை நமக்கும் உண்டு.

கதை பின்வருமாறு: கி.பி. 70இல் எருசலேம்க் கோயில் அழிந்தபின் யூதர் பலர் கடல் கடந்து கொடுங்கல்லூரில் இறங்கினர். சேர வேந்தன் அவர்களை வரவேற்று, அவர்தம் தலைவற்குச் சிற்றரசு ஒன்றையே அளித்தான். அதற்குச் சான்று இச்செப்பேடு. கொடையின் ஆண்டு கி.பி. 379 என்பது கொச்சி யூதரிடை வழங்கிய மரபு.

இனி ஏட்டை நோக்குவோம். பாஸ்கர இரவிவர்மன், தன் இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டில், அஃதாவது ஆட்சியின் முப்பத்தெட்டாம் ஆண்டில், முயிரிக்கோட்டில் இருந்தருளி, இசுப்பு இரப்பான் என்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் அளித்தான். அரசன் காலமும் எழுத்தமைதியும் கொண்டு இதனைக் கி.பி. 1000ஐ ஒட்டியதென அறிஞர் துணிந்துள்ளனர். பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காகளம் முதலிய சிறப்புரிமைகள் கூறப்படுகின்றன; உல்கும் துலாக்கூலியும் விடப்படுகின்றன. வேணாடு, வள்ளுவநாடு, ஏறாளநாடு முதலிய நாடுடையார் சான்றாவர்.

இதனுள் எருசலேம் இல்லை, கப்பல் இல்லை, அகதிகள் இல்லை. இரப்பான் எங்கிருந்து வந்தான், அவன் முன்னோர் எப்போது வந்தனர் என ஒரு சொல்லும் இல்லை. ஏடு காட்டுபவன் வந்தேறியல்லன். உல்கும் துலாக்கூலியும் இறுத்து வணிகம் நடத்தி, நாடுடையார் சான்றாக நிற்கும் அளவிற்கு ஊன்றிவிட்ட ஒருவன். சோழரோடு நேர்ந்த போரில் பொருளுதவி செய்தமைக்காக இக்கொடை அளிக்கப்பட்டதென்பாரும் உளர். அதுவும் ஊகமே, ஏடு காரணம் கூறவில்லை. அஞ்சுவண்ணம் என்பதைச் சிற்றரசு எனக் குந்தெர்ட் 1844இல் கொண்டமை பழங்கதைக்கு வலுவூட்டியது. பிற்காலத்தார் அச்சொல்லை மேலையாசிய வணிகர் குழுவின் பெயராகக் கொள்வதே பொருந்துவதாகும்.

கொடை யாரைச் சாரும் என்னும் பகுதியே யாம் மிகவும் நின்று நோக்கற்பாலது. இரப்பானுக்கும், அவன் ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், பெண்மக்களைக் கொண்ட மருமக்களுக்கும் உலகும் திங்களும் உள்ளளவும் இது உரியது என்கிறது ஏடு. இங்கே மருமக்கள் இருமுறை வருதல் கூறியது கூறலன்று. முன்னது உடன்பிறந்தாள் மக்களைக் குறிப்பது. பின்னது மகளை மணந்தாரை. இன்று தமிழில் மருமகன் என்றால் மகளின் கணவனே முதலில் நினைவிற்கு வருவான். சேரநாட்டு வழக்கிலோ மருமக்கள் வழியே சொத்துரிமை சென்ற குடிகள் பல. யூதன் ஒருவனுக்கு அளித்த கொடையில் அந்நாட்டு உரிமைச்சொல் நுழைந்துள்ளது. இதனால் இரப்பான் குடியினர் அம்முறையைத் தழுவினர் என முடிவு செய்தல் மிகையாகும். எழுதினவன் தான் அறிந்த வாய்பாட்டை எழுதியிருத்தலும் கூடும். எவ்வாறாயினும், குடிபெயர்ந்து வந்ததைச் சொல்லாத ஏடு, குடி ஊன்றியதைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே செப்பேடு முதற்கண் ஒரு குடும்பத்தின் உடைமை. பின்னர் அது யாருடையது? 16ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் வந்து சேர்ந்த பரதேசி யூதர் 1568இல் எழுப்பிய தொழுகைக்கூடத்தில் அது தங்கியது. அவர்களினும் முற்பட்ட மலபாரி யூதரோ, அது தம் முன்னோர் பெற்றது என வாதிட்டனர். இவ்வழக்கில் கதை வெறும் பழம்பெருமையன்று. இரப்பான் வழியினர் யாவர் என்பதில் ஒரு கூட்டத்தாரின் மதிப்பே தொங்கியது. செம்பு யார் கையில் இருந்ததோ அவர் கதையே நூல்களிலும் ஏறியது. இதனை ஆராய்ச்சியாளர் போதிய அளவு எண்ணவில்லை என்பது என் கருத்து.

இதனால் யூதரின் தொன்மையே பொய் என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக் கிறித்தவர்க்கு 849இல் அளிக்கப்பட்ட செப்பேட்டில், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிற் கையொப்பமிட்ட சான்றாளர் உளர். கொச்சி ஏட்டிற்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்ட இச்சான்று, பிறிதொரு சமயத்தார் போற்றிய ஏட்டில் கிடைப்பது வியப்பே!

குடியேற்றத்தைப் பாடுவன வேறு பொருள்கள். கொச்சி யூத மகளிர் மணவிழாக்களிற் பாடிய மலையாளப் பாட்டுகளைத் தாமே குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். பின்வந்த மகளிர் அவற்றைப் படியெடுத்தனர். ஏவராயி பாட்டு என்பது எருசலேமிற் புறப்பட்ட ஒருவன் எகிப்து, யேமன், பாரசீகம் கடந்து பாலூரை அடைந்ததைக் கூறும். அதனை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்ளல் ஆகாது. தம் வழியை அம்மக்கள் எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு அதனினும் நேரான சான்று இல்லை. 1950களில் அவர்களிற் பெரும்பாலார் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது குறிப்பேடுகள் பலவும் உடன் சென்றன. செப்பேடு மட்டாஞ்சேரியிலேயே இருந்தது. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலியப் பிரதமர்க்கு அளித்ததும் செப்பேட்டின் படியே.

எபிரேயத்திலேயே வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியர் எழுதிய மலையாள எழுத்துப் புரியாது. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் 2005இல் பாட்டுகள் பலவற்றை எபிரேய மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தனர். செப்பேட்டை எழுத்தெழுத்தாக ஆராய்ந்த நம்மவர், இக்குறிப்பேடுகளின் பாடவேறுபாடுகளையும் ஒப்புநோக்கல் வேண்டும். ஊர்ப்பெயர்களும் உறவுச்சொற்களும் ஏட்டுக்கு ஏடு எங்கே மாறுகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.