பந்தியும் பரிகாசமும்

அயல்நாட்டுக்குப் புதிதாய்ப் போகிறவனுக்கு அந்நாட்டு மொழி வசப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அவ்வூராரோடு உட்கார்ந்து உண்பதும், அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பதும் கைகூடிவிடும் என்றும், பசியும் சிரிப்பும் மனித குலம் முழுமைக்கும் பொதுவாதலால் அவ்விரண்டுக்கும் துபாஷி வேண்டியதில்லை என்றும் யாத்திரை நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. மானிடவியலார் சென்ற நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வைத்த குறிப்புகளை வரிசையாகப் படித்துப் பார்க்கிறவருக்கு இந்த நம்பிக்கை நிலைப்பதில்லை. இலக்கணமும் உறவுமுறைப் பெயர்களும் சடங்குகளும் பிடிபட்ட பின்னரும், ஊரார் ஏன் சிரித்தார்கள், இந்தப் பதார்த்தத்தை ஏன் நம் முன்னால் வைத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காணாமல் திகைத்தவர்கள் அவர்களுள் பலர். அவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடங்களே இத்துறையின் சாரமான பகுதி என்பது என் அபிப்பிராயம். உணவு, இடுகிறவனுக்கும் ஏற்கிறவனுக்கும் இடையே ஒரு கடனை உண்டாக்குகிறது. பரிகாசம் அந்தக் கடனின் பாரத்தைக் குறைக்கிறது, அல்லது எல்லோரும் காண வெளியே எடுத்து வைக்கிறது. ஆகையால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

அப்படி நின்றுவிட்டவர்களில் முற்பட்ட ஒருவர் ஜான் கிரெகரி போர்க் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. 1881 நவம்பரில் அவர் நியூ மெக்ஸிகோவில் ஸூனி மக்களின் ஊரில், அங்கேயே குடியிருந்து ஆராய்ச்சி செய்துவந்த ஃப்ராங்க் குஷிங்கின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, நேவேக்வே எனப்படும் சடங்குக் கோமாளிகள் அவர் முன்னிலையில் வந்து ஆடினார்கள். மெக்ஸிகோக் கத்தோலிக்கர்கள் மாலை ஜெபம் செய்வதை, மண்டியிடுவதும் மார்பில் அறைந்துகொள்வதும் உட்பட, அவர்கள் நடித்துக் காட்டியதைக் கேலி என்று புரிந்துகொண்டு போர்க் நேர்த்தியாகவே வருணித்திருக்கிறார். ஆனால் ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு பானையில் சிறுநீர் கொண்டுவரப்பட்டு, கோமாளிகள் அதைப் பருகத் தொடங்கியதும் அவருடைய பேனா திசை மாறிவிட்டது. வழிபாட்டைத் தலைகீழாக்கிக் காட்டுவதும் உண்ணத் தகாததை உண்பதும் ஒரே கோமாளியின் ஒரே தொழில் என்பதையும், ஊரின் நியதிகளை மீற உரிமை பெற்றவன் அந்த உரிமையைத் தன் நாவினாலும் வயிற்றினாலும் நிலைநாட்டுகிறான் என்பதையும் அவர் காணவில்லை. உலகத்து இனங்களிடையே காணப்படும் இத்தகைய அசுத்த வழக்கங்களையெல்லாம் தேடித் திரட்டி 1891-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். உழைப்பு மிகுந்த நூல்தான்; ஆயினும் அருவருப்பு நுழைந்த இடத்தில் சிரிப்பு மறைந்துபோனதற்கு அது ஒரு சாட்சி.

இருபதாம் நூற்றாண்டில் அருவருப்பு நீங்கியது. ஆனால் துறை இரண்டாகக் கிளைத்துவிட்டது. உணவைப் பற்றி எழுதியவர்கள் ஒரு பக்கமும் நகையைப் பற்றி எழுதியவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்தார்கள். முதற்கிளையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ். இன்றைய ஸாம்பியாவாகிய வட ரொடீஷியாவில் பெம்பா மக்களிடையே வாழ்ந்து, நிலம், உழைப்பு, ஆகாரம் மூன்றையும் இணைத்து 1939-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு காட்சி வருகிறது. நாலைந்து மக்காச்சோளக் கதிர்களைச் சுட்டுத் தம் கண்ணெதிரே தின்று முடித்தவர்கள், சற்று நேரத்துக்கெல்லாம் அயலாரைக் கூவி, நாள் முழுவதும் ஒரு வாய்கூட உண்ணவில்லை, பசியால் சாகிறோம் என்று முறையிடுவதை அவர் கேட்கிறார். இதைப் பொய் என்றோ வேடிக்கை என்றோ எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், கேழ்வரகு மாவைக் கிண்டிச் செய்யும் களி ஒன்றே பெம்பாவுக்கு ஆகாரம், மற்றவையெல்லாம் கொறிப்பு என்ற முடிவுக்கு வந்தார். வயிறு நிறையச் சுண்டலும் முறுக்கும் தின்றுவிட்டு இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லும் நம் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த ரிச்சர்ட்ஸே 1937-இல் பெம்பா குலங்களின் பரஸ்பர உறவைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. அங்கே குலங்கள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று கேலி செய்யக் கடமைப்பட்டவை. சிறுத்தைக் குலமும் ஆட்டுக் குலமும் ஒரு ஜோடி. சிறுத்தை ஆட்டைத் தின்னும். காளான் குலமும் புற்றுக் குலமும் ஒரு ஜோடி. காளான் புற்றில் முளைக்கும். களிக் குலத்துக்கும் ஆட்டுக் குலத்துக்கும் உள்ள தொடர்போ, களிக்குத் தொட்டுக்கொள்ள மாமிசம் இருந்தால் மனிதனுக்குப் பிரியம் என்பது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற விதியை, எது எதனோடு உண்ணப்படும் என்ற விதியைக் கொண்டே ஒரு சமூகம் வகுத்துவைத்திருக்கிறது. துறையின் இரு கிளைகளும் ஒரே மரத்தில் இருந்ததை அன்றே அந்த அம்மையார் காட்டிவிட்டார்.

நகையைப் பற்றிய கிளையில், மார்செல் மோஸ் 1920-களில் தொடங்கிவைத்த விசாரணையை ராட்கிளிஃப்-பிரௌன் 1940-இல் ஒரு கட்டுரையில் வரையறுத்துக் கொடுத்தார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய அனுமதிக்கப்பட்டவர், சில இடங்களில் கட்டாயமாகக் கேலி செய்ய வேண்டியவர். கேலிக்கு ஆளானவர் கோபிக்கக் கூடாது. இதுவே கேலி உறவு. சேர்ந்தும் பிரிந்தும் இருக்கவேண்டிய இருவருக்கு, குறிப்பாக மணத்தால் இணைந்த இரண்டு குடும்பத்தாருக்கு, சண்டையைத் தவிர்க்க இரண்டே வழிகள் உண்டு: ஒன்று மிகுந்த மரியாதை, மற்றொன்று வரம்பில்லாத கேலி. மாமியாரிடம் ஒதுங்கி நிற்பதும் மச்சானை வாயாரக் கிண்டல் செய்வதும் ஒரே வீட்டில் நடப்பதைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்லி எள்ளலை முதலில் வைத்தார். எள்ளுதற்கு உரிமை எவருக்கு உண்டு என்ற கேள்வியே ராட்கிளிஃப்-பிரௌன் மேற்கொண்டு எழுப்பியது.

இக்கேள்விக்கும் உணவுக்கும் உள்ள சம்பந்தத்தை மிகத் தெளிவாக வெளிப்படுத்தியவர் ரிச்சர்ட் லீ. கலஹாரிப் பாலைவனத்தின் வடமேற்கில், இன்றைய போட்ஸ்வானாவில், வேட்டையாடியும் கிழங்கு கொட்டைகளைச் சேகரித்தும் வாழ்ந்த குங் மக்களிடையே 1963 முதல் ஆராய்ச்சி செய்த அவர், தம் அனுபவம் ஒன்றை 1969 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் எழுதினார். அவர்கள் எப்படி ஆகாரம் தேடுகிறார்கள் என்று அளந்து பார்ப்பதே ஆராய்ச்சியின் நோக்கமாதலால், தம்மிடமிருந்த டப்பா உணவுகளை அவர் எவருக்கும் பகிர்ந்து கொடுக்கவில்லை. அதனால் கருமி என்ற பெயர் எடுத்திருந்தார். அதற்கு ஈடு செய்யும் எண்ணத்தோடு கிறிஸ்துமஸ் விருந்துக்காக அண்டை ஹெரேரோ இனத்தார் ஒருவரிடம் ஏறத்தாழ 1200 ராத்தல் எடையுள்ள கொழுத்த கறுப்பு எருது ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கிய நாள் முதலாக ஊரார் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வந்து, இந்த எலும்பு மூட்டையையா வாங்கினாய், இத்தனை பேருக்கு இது எப்படிப் போதும், பசியோடு படுக்கவேண்டியதுதான், பங்கில் சண்டை வந்து கத்திக்குத்தில் முடியும் என்று முகத்தில் சிரிப்பின் ரேகையே இல்லாமல் சொல்லிச் சென்றார்கள். மனம் வெறுத்து, விருந்து நாளில் ஊரை விட்டே போய்விடலாமா என்றுகூட அவர் எண்ணினார். எருதை அறுத்தபோது கறுத்த தோலின் வெட்டு வாயில் கொழுப்பு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அப்பொழுதும் அவர்கள் அது மெலிந்த பிராணி என்றே சொல்லிச் சொல்லி, தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். இரண்டு நாள் இரவும் பகலுமாக ஆடிப் பாடி வயிறார உண்டார்கள்.

அந்தச் சிரிப்பின் காரணத்தை லீ பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார். பெரிய மிருகத்தை வீழ்த்திய வேடன் ஊருக்குத் திரும்பி வாயைத் திறக்காமல் உட்காருகிறான். கேட்டால், ஒன்றும் கிடைக்கவில்லை, ஏதோ சின்னதாக ஒன்றைப் பார்த்தேன் என்கிறான். மறுநாள் இறைச்சியைச் சுமக்கப் போகிறவர்கள், இந்த எலும்புக் குவியலுக்காகவா இவ்வளவு தூரம் நடக்க வைத்தாய் என்று ஏசுகிறார்கள். ஓர் இளைஞன் அதிக இறைச்சி கொண்டுவந்தால் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களைத் தன் ஊழியர்கள் என்றும் எண்ணத் தொடங்குவான், அந்தக் கர்வம் ஒருநாள் கொலையில் முடியும், ஆகையால் அவன் இறைச்சியை இகழ்ந்து அவன் நெஞ்சைக் குளிரச் செய்கிறோம் என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். இதனோடு மற்றொரு வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேட்டை இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு உரியதன்று, அம்புக்கு உடையவனுக்கு உரியது. அம்புகளோ இரவலாகவும் கொடையாகவும் கைமாறிக்கொண்டே இருக்கும். அம்பு ஒரு திசையிலிருந்து ஈகையின் பெருமையைக் கரைக்கிறது, ஏசல் மற்றொரு திசையிலிருந்து கரைக்கிறது. நன்றி என்ற ஒன்றை எதிர்பார்த்து வந்த அயலானுக்கு, நன்றியே பெறாமல் கொடுப்பது எப்படி என்பதை ஓர் எருதை வைத்து அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். நம் விருந்தோம்பல் இலக்கணத்தில் இடுகிறவனின் முகமலர்ச்சிக்கு உள்ள இடம் பெரிது. ஏற்கிறவர்கள் இடுகிறவனை அடக்கிவைக்கும் இந்தக் கலஹாரி நெறியை நம் அறநூல்களின் பக்கத்தில் வைத்துப் படிப்பது மிகுந்த பயன் தரும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி தேசத்தில் இதே விஷயம் தட்டைப்பயற்றின் வடிவில் வருகிறது. அங்கே குலப்பெயர்கள் கேலி உறவால் கோக்கப்பட்டிருக்கின்றன. கெய்ட்டாவும் கூலிபாலியும், த்ராவோரேயும் ஜாராவும் சந்தித்தால், ஒருவர் மற்றவரைப் பயறு தின்னி என்று அழைப்பது சாதாரண உபசாரம். பயறு வயிற்றில் வாயுவை உண்டாக்குவது கேலியின் பாதி. முன்பின் அறியாதவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்ட மாத்திரத்தில் இப்படி ஏசிக்கொண்டு, உடனே உறவினராகிவிடுகிறார்கள். கடைத்தெருவில் பேரம் முறியும்போதும், இரண்டு வீட்டார் மனஸ்தாபம் கொண்டிருக்கும்போதும் சமாதானம் பேச வருகிறவர் கேலி உறவினரே. இந்த ஏற்பாட்டைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசை நிறுவிய ஸுன்ஜாட்டா கெய்ட்டாவின் காலத்துச் சாசனத்தோடு மரபு இணைத்துச் சொல்கிறது. அச்சாசன மரபு 2009-இலும், அண்டை நாடாகிய நைஜரின் கேலி உறவு 2014-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இடம் பெற்றன. 2010-இல் தன்னிங், ஹாரிஸன் என்ற இரு அரசியல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு, வேறு இனத்தைச் சேர்ந்த வேட்பாளரானாலும் கேலி உறவுக் குலப்பெயர் உடையவராயின் மாலி வாக்காளர் அவர்பால் சாய்வதைக் காட்டியது. பிரெஞ்சுக்காரரைத் தவளை என்றும் ஜெர்மானியரை முட்டைக்கோஸ் என்றும் ஆங்கிலேயர் ஏசியதும் உணவை வைத்துச் செய்த கேலிதான். ஆனால் மாலியில் ஏசப்பட்டவன் அதே மூச்சில் அதே சொல்லைத் திருப்பித் தருகிறான், தரவேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஏசலுக்கு அத்தகைய விதி இல்லை, அது யுத்த காலத்தின் வசையாகவும் பயன்பட்டது. இந்த வித்தியாசத்தை மறந்து, எல்லா உணவுக் கேலியும் ஒன்றே என்று தொகுத்துப் போடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

பரிகாசத்தின் இலக்கு நாமாகவே இருக்கும்போது என்ன தெரிகிறது என்பதை கீத் பாஸோவின் நூல் சொல்கிறது. அரிஸோனாவில் ஸிபெக்யூ என்ற ஊரில் மேற்கு அப்பாச்சி மக்கள் வெள்ளைக்காரரைப் போல நடித்துக் காட்டும் கேலிகளை அவர் 1979-இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு நடிப்பில், வீட்டுக்காரர் வந்தவரைத் தோளில் தட்டி, என் நண்பனே என்று உரக்க அழைத்து, உடம்பு சௌக்கியமா என்று எல்லோரும் கேட்க விசாரித்து, பசிக்கிறதா, பீர் வேண்டுமா, ஒயின் வேண்டுமா, பிஸ்கட்டா, ரொட்டியா என்று மூச்சு விடாமல் அடுக்குகிறார். நமக்கு இது உபசாரமாகத் தோன்றலாம். அப்பாச்சியரின் கண்ணுக்கோ இதில் ஒவ்வொரு செயலும் அத்துமீறல்: வந்தவன் விரும்பாத நேரத்தில் அவனை எல்லார் பார்வைக்கும் உரியவனாக்குவதும், ஆகாரத்தைக் கேள்வியாக்கி அவனைப் பதில் சொல்ல வற்புறுத்துவதும் அவமரியாதை. கலஹாரியில் இறைச்சியை இகழ்ந்து கொடுப்பவனின் தலையை இறக்கினார்கள். அரிஸோனாவில் கொடுப்பவனின் ஆரவாரத்தை நடித்துக் காட்டி இறக்கினார்கள்.

மகாதேவ் ஆப்தே 1985-இல் உலகமெங்கும் உள்ள நகை மரபுகளை ஒருங்கே பரிசீலித்து எழுதிய நூல் இத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது. கேலி உறவு, குழந்தைகளின் நகை, சமயச் சடங்கில் நகை என்று விரியும் அதன் அத்தியாயங்களுள் உணவுக்கென்று ஒன்று இல்லை. அக்குறை தற்செயலானதன்று என்று கருதுகிறேன். வேட்டைக்காரர்களும் குலத் தலைவர்களும் பேசும் கேலி முற்றத்தில் நடப்பது. ஆராய்ச்சியாளரின் காதில் விழுவது. சமைக்கிறவள் பேசுவது அடுப்படியில். அவள் பேசாமலே பேசுவதும் உண்டு என்பதற்குப் பால் ஸ்டாலர் 1989-இல் வெளியிட்ட நூலில் ஒரு சான்று இருக்கிறது. நைஜரில் தில்லபேரி என்ற ஊரில் ஸோங்காய் இனத்து வீடொன்றில் அவர் விருந்தினராக உண்டுவந்தார். விருந்தாளிக்கு மாமிசமும் மசாலாவும் சேர்ந்த கெட்டியான குழம்பு இடுவது அங்கே மரபு. ஒருநாள் அந்த வீட்டின் இளைய மருமகள், கீரையை வேகவைத்துக் கொழகொழவென்று பச்சை நிறமாய்ச் செய்த, காரசாரமற்ற குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டார் உட்பட ஒருவராலும் உண்ண முடியவில்லை. குடும்பத்தில் தனக்கு இருந்த தாழ்ந்த ஸ்தானத்தின்மேல் அவளுக்கு இருந்த கசப்பை, வாயால் சொல்ல உரிமை இல்லாத இடத்தில், ருசியால் சொல்லிவிட்டாள். கேலி செய்ய உரிமை உள்ளவன் பயறு தின்னி என்கிறான். அவ்வுரிமை இல்லாதவள் குழம்பைக் கெடுக்கிறாள்.

இவ்விடத்தில் இத்துறை நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் வெளியிட்ட கட்டுரை, தமிழ்ப் பிராமணக் குடும்பங்களிலும் கல்யாணப் பந்திகளிலும் கோயில்களிலும் உணவின் வழியாக நடக்கும் மௌனப் போட்டிகளை ஆராய்கிறது: யாருக்கு முதலில் இலை போடப்பட்டது, யாரைக் கவனிக்கவில்லை என்று சம்பந்திகள் குறைப்படுவது, மருமகளின் பரிமாறலில் மாமியார் படிக்கும் அர்த்தம். பிணக்கே அவருடைய பிரமேயம். ஆனால் அதே கல்யாணத்தில், நலுங்கின்போது, பெண்கள் எதிர்த்தரப்பாரின் தோற்றத்தையும் பசியையும் பாட்டாகவே ஏசுவதும், ஏசப்பட்டவர்கள் கோபிக்காமல் எதிர்ப்பாட்டுப் பாடுவதும் நம் சம்பிரதாயம். பந்தியில் பிணக்காக வெளிப்படக் கூடியது கூடத்தில் பாட்டாகிறது. இந்தச் சம்பந்தி ஏசல் பாட்டுகளில் கிடைத்தவற்றை அச்சிட்டவர்கள் பெரும்பாலும் சொற்களை மட்டுமே அச்சிட்டார்கள். பாடியவள் மணமகனுக்கு அத்தையா, மணமகளுக்குச் சித்தியா, யாரைப் பார்த்துப் பாடினாள், அன்று காலைப் பந்தியில் எந்தப் பதார்த்தம் தட்டுப்பட்டது, யார் இலையை விட்டு எழுந்தார் என்ற விவரங்களோடு அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பாட்டுகளைப் பாடி, அந்தப் பந்திகளில் பரிமாறவும் செய்த பாட்டிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கேட்டால் பாட்டோடு பந்தியையும் சொல்வார்கள்.