அமெரிக்க இயல்புவாதக் கதைகளில் குறியீடு

நாவலை ஒரு சோதனைச்சாலையாக்க வேண்டும் என்று பிரான்சின் எமிலி ஜோலா 1880இல் எழுதினார். மரபும் சூழலுமே மனிதனை ஆட்டிவைக்கின்றன என்னும் அவரது இயல்புவாதக் கொள்கை அமெரிக்காவில் வேரூன்றியபோது, ஆய்வறிக்கைகளுக்குப் பதில் குறியீடுகள் செறிந்த கதைகளே விளைந்தன. அவற்றில் நான்கு போக்குகளைப் பிரித்துக் காணலாம்.

ஃபிராங்க் நாரிஸ் எதையும் பிரம்மாண்டமாக்குபவர். ‘மெக்டீக்’ (1899) நாவலில், ஒரு பல் வைத்தியன் தன் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட ஆசைப்பட்ட பெரிய பொற்பல், வறுமை வந்ததும் எச்சில் தட்டுகளை அடுக்கும் மேசையாகிவிடுகிறது. அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ‘ஆக்டோபஸ்’ (1901) நாவலிலோ ரயில் எஞ்சின் ஆட்டுமந்தையை நசுக்கும் காட்சியை எழுதிய கையோடு, அது ஓர் இராட்சதன் என்று அவரே அறிவித்தும் விடுகிறார்.

ஸ்டீபன் கிரேனுடையது எள்ளலின் வழி. ‘திறந்த படகு’ (1897) கதைக்கு அவரே சிக்கிய கப்பல் விபத்து அடிப்படை. படகில் தப்பிய நால்வரில் உடல்வலு மிக்கவன், முறைபோட்டுத் துடுப்பு வலித்தவன், கரையருகே மாண்டுபோகிறான். காயம்பட்ட கேப்டன் பிழைக்கிறார். கடலுக்கு நியாயமும் கிடையாது, பகையும் கிடையாது.

தியோடர் டிரைசர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுவார். ‘சிஸ்டர் கேரி’யில் (1900) ஏழைப் பெண்ணாக ஆடுநாற்காலியில் அமர்ந்த கேரி, புகழ்பெற்ற பிறகும் ஆடுநாற்காலியில்தான் ஆடிக்கொண்டிருக்கிறாள். ‘நிதியாளர்’ (1912) நாவலிலோ தொட்டிக்குள் சிங்க இறால் கணவாயைத் தின்பதைப் பார்த்து, உலகமே இப்படித்தான் என்று சிறுவன் முடிவுகட்டுகிறான். இது பாடம் சொல்லும் உருவகக் கதை.

ஜாக் லண்டனின் ‘தீ மூட்ட’ (1908) கதை நாயகனுக்குப் பெயரே இல்லை; எந்த மனிதனாகவும் அவனைக் கொள்ளலாம். பனி சுமந்த மரத்தடியில் நெருப்பு மூட்டி, அதே மரத்தின் அடியிலிருந்து சுள்ளிகளை இழுக்கிறான். ஒவ்வொரு இழுப்பிலும் கிளை அதிர்ந்து, கடைசியில் பனி சரிந்து தீயை அவிக்கிறது.

இவற்றை எடைபோட ஓர் அளவுகோல் போதும்: குறியீடாகும் பொருளுக்குக் கதைக்குள் ஒரு வேலை இருக்கிறதா? பல், நாற்காலி, பனி மூன்றும் அதில் தேறுகின்றன. எஞ்சினுக்கும் அந்த வேலை உண்டு. ஆசிரியரின் உரைதான் அதைக் கெடுக்கிறது. இறால் தொட்டி கதையை விட்டு விலகி உதாரணமாகவே நின்றுவிடுகிறது. கொள்கையை உரக்கச் சொன்ன இடங்களில்தான் இந்த எழுத்தாளர்கள் சறுக்கினார்கள்.