பேகன் ஊரில் தலைமைப் பண்பு: சில மரபுகளும் அளவுகோல்களும்

பழனி மலைச் சாரலை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகனை நாம் ஒரே ஒரு செய்தியால்தான் அறிவோம். குளிரில் நடுங்குகிறதோ என்று இரங்கி, மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் அவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகப் பள்ளிப் புத்தகம் அவனை அறிமுகப்படுத்துகிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் அந்த எழுவர் வரிசையில் அவனுக்கு இடம் தந்தார். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடிய 158ஆம் பாட்டிலும் அவன் இருக்கிறான். உடுத்திக்கொள்ளத் தெரியாத மயிலுக்கு உடை எதற்கு என்று கேட்கத் தோன்றும். பரணர் அதற்கு 142ஆம் பாட்டிலேயே பதில் சொல்லிவிட்டார். வற்றிய குளத்திலும் பெய்து, வயலிலும் பெய்து, களர் நிலத்திலும் பெய்யும் மழையைப் போலக் கொடுப்பவன் இவன். கொடுப்பதில்தான் இவனுக்கு மடமை, பகைவர் படை எதிரில் வந்தால் அந்த மடமை கிடையாது என்கிறார்.

புகழ்ச்சி இதோடு நிற்கிறது. அடுத்த பாட்டிலிருந்து விசாரணை தொடங்குகிறது.

புறநானூறு 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டும் இதே பேகனைப் பற்றியவை. அவன் மனைவியைக் கைவிட்டு வேறொருத்தியை நாடிப் போயிருந்தான். மனைவியின் பெயர் கண்ணகி என்று பாட்டின் அடிக்குறிப்புகள் சொல்கின்றன. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் இந்த ஒரே விஷயத்துக்காக அவன் முன் நின்றார்கள். கபிலர் நேற்றுத் தன் சுற்றத்தோடு பசித்து வந்து வாசலில் பாடியபோது உள்ளே ஒருத்தி அழுததைச் சொல்லி, யார் அவள் என்று அவனையே கேட்கிறார். பரணர் இன்னும் நெருங்கிப் போகிறார். மாலையில் யாழெடுத்துப் பாடினோம், ஒரு பெண் கண்ணீர் விட்டாள், நீ எங்கள் தலைவனுக்கு உறவா என்று கேட்டோம். அவள் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் உறவில்லை, என்னைப் போன்ற இன்னொருத்தியை விரும்பி அவன் நாள்தோறும் தேரில் போகிறானாம், ஊர் பேசிக்கொள்கிறது என்றாளாம். இதை ஒரு தலைவனின் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

145ஆம் பாட்டில் பரணர் கேட்ட பரிசிலைத் தமிழில் இதுவரை எழுந்த தலைமைப் பாடங்களில் தலையாயது என்பேன். மயில் நடுங்கும் என்று போர்வை தந்தவனே, நான் பசித்து வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் எனக்குப் பாரமாக இல்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்துவிடு, நான் இரந்து கேட்கும் பரிசில் அதுதான் என்கிறார். அரிசில் கிழார் தந்த அணிகலனும் செல்வமும் வேண்டாம் என்று விலக்கிவிட்டு அதையே கேட்கிறார். பெருங்குன்றூர் கிழாரும் அதையே கேட்கிறார். புலவனுக்குப் பரிசில்தான் பிழைப்பு. கொடை மறுக்காத ஒருவனிடம் பொன்னைக் கேட்காமல் நீதியைக் கேட்பதென்றால் அன்றைய சோற்றைப் பணயம் வைப்பதென்றே அர்த்தம்.

பேகன் தேரேறினானா என்று பாட்டுகள் சொல்லவில்லை. ஆனால் இந்த நூலைத் தொகுத்தவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். மயில் பாட்டுகளுக்கு அடுத்தே கண்ணகி பாட்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஊருக்கெல்லாம் கொடுத்தவனை அவன் வீட்டு வாசலில் நிறுத்தி அளந்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது அந்த வரிசை நம் கைக்கு வந்தது. நாம் மயிலை எடுத்துக்கொண்டு கண்ணகியை விட்டுவிட்டோம். இதைப் படிக்கிற பழனிக்காரர்களுக்கு அது உறைக்க வேண்டும்.

இந்த ஊரில் தலைமையை அளக்க நான்கு மரபுகள் உண்டு. தவறை முகத்துக்கு நேரே சொல்லும் இதுதான் முதல் மரபு. புலவர் மரபு என்று சொல்லலாம். இதற்குச் செவியறிவுறூஉ என்று தொல்காப்பியத்திலேயே இடமுண்டு. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைப் பிசிராந்தையார் யானையும் வயலும் காட்டிச் சொன்னது (184), கிள்ளிவளவனைப் பாடி வெள்ளைக்குடி நாகனார் தம் நிலத்து வரிபாக்கியைத் தள்ளுபடி செய்வித்தது (35) எல்லாம் இந்த வகை. மலையமானின் பிள்ளைகளைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடப்போனபோது கோவூர் கிழார் குறுக்கே நின்று தடுத்தாரே (46), அதையும் இதோடு சேர்க்கலாம். இந்த மரபின் அளவுகோல் ஒன்றே: கசப்பான சொல் காதில் விழும்போது தலைவன் முகம் எப்படி இருக்கிறது?

இரண்டாவது, வள்ளுவர் மரபு. பொருட்பாலின் முதல் அதிகாரம் இறைமாட்சி, நூலில் 39ஆவது. அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம் என்று தலைவனுக்கு வேண்டியவற்றை அடுக்குகிறார். காது கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்பவனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்ற கருத்தும் அந்த அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. பரணரின் பாடத்தைச் சட்டமாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேடைகளில் இந்தப் பட்டியலோடு முடித்துவிடுகிறார்கள். அடுத்து வரும் அதிகாரங்களின் வரிசையை யாரும் சொல்வதில்லை. கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை. 40 முதல் 46 வரை ஏழு அதிகாரம் கடந்த பிறகுதான் தெரிந்துசெயல்வகை வருகிறது, செயல் தொடங்குகிறது. படி, படிக்க முடியாவிட்டால் கேள், உன் குற்றத்தை நீயே முதலில் பார், உன்னைக் கடிந்து சொல்லும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுக்கப் பகைவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று எச்சரிப்பதும் இந்தப் பகுதியில்தான். தலைமை பிறவிச் சொத்து என்று நினைத்திருந்தால் வள்ளுவர் இவ்வளவு பயிற்சியை முன்னால் வைத்திருக்க மாட்டார்.

இன்னும் இரண்டு அதிகாரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 52ஆவதான தெரிந்துவினையாடல், இந்த வேலையை இவன் முடிப்பான் என்று தேர்ந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறது. நம் சங்கங்களிலும் கமிட்டிகளிலும் இது நடப்பதில்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 54ஆவது பொச்சாவாமை. வெற்றி மகிழ்ச்சியில் கடமையை மறப்பது பெருங்கோபத்தைவிடக் கேடு என்கிறார். தோற்றுப்போன தலைவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஜெயித்தவனுக்கு வள்ளுவர் மட்டும்தான்.

இந்த இடத்தில் வெளியுலகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலறிஞர் இருவர், மனிதரின் நற்குண வலிமைகளை 24 ஆக வகுத்து 2004இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். தலைமை அந்த 24இல் ஒன்று. குழுவைக் காரியம் முடிக்க வைப்பது, அதே சமயம் குழுவுக்குள் உறவு கெடாமல் பார்த்துக்கொள்வது, இரண்டும் சேர்ந்ததே தலைமை என்பது அவர்கள் விளக்கம். அதைத் துணிவு என்ற தலைப்பின் கீழ் அவர்கள் வைக்கவில்லை. நீதி என்ற தலைப்பின் கீழ், நடுநிலைக்கும் குழு உணர்வுக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பேகனின் வீரத்தில் பரணருக்குச் சந்தேகமே இல்லை, அறம் செய் என்றுதான் கேட்டார். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன.

மூன்றாவது மரபுக்கு நூல் கிடையாது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு வரும் சாலையோரம் நின்றால் போதும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, நத்தம் வழியாக நடந்து வரும் நகரத்தார் காவடி பல தலைமுறைப் பழக்கம். நெற்குப்பைக் குமரப்பன் என்ற உப்பு வணிகரிடமிருந்து அது தொடங்கியதாக அவர்கள் சொல்லும் வரலாறு. எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது, யார் முன்னால் போவது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் முறை உண்டு. எடப்பாடி பர்வதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்து வந்து, மலைமேலேயே ஓர் இரவு தங்கும் உரிமை பெற்றவர்கள். அத்தனை ஆயிரம் பேருக்குப் பஞ்சாமிர்தம் பிசைவது ஒருவர் உத்தரவால் நடக்கிற வேலையா? வாழைப்பழம் உரிப்பவர், சர்க்கரை பொடிப்பவர், பேரீச்சை ஆய்பவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. தன் வேலையின் அளவு ஒவ்வொருவருக்கும் தெரிகிறது.

பெரிய காவடிகளைவிடச் சிறிய பாதயாத்திரைக் குழுக்களிடம்தான் நான் அதிகம் கற்றேன். முப்பது நாற்பது பேர், பச்சை வேட்டி, தோளில் பை, வழிநடத்த ஒரு குருசாமி. விடியலுக்கு முன்பே நடை. வெயில் ஏறினால் ஏதாவது மண்டபமோ தோப்போ. கவனித்துப் பார்த்தால் நல்ல குருசாமி முன்னால் நடப்பதில்லை. வழி தெரிந்த இளைஞன் ஒருவனை முன்னால் விட்டுவிட்டுக் கடைசி ஆளோடு வருகிறார். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், எழுபதை நெருங்கிய ஒருவர் பள்ளி மாணவன் ஒருவனின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாமி, கால் என்ன சொல்லுது?” என்றார். பையன் வெட்கத்தோடு, “எரியுது சாமி” என்றான். தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டு, குழு முழுவதையும் இன்னும் அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். முன்னால் போக அவசரப்பட்ட இருவர் முணுமுணுத்தார்கள். அவர் கோபிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவர்கள் பையில் ஒன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், முணுமுணுப்பு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் இலை விழுந்த பிறகு அவர் உட்கார்ந்தார்.

இந்த மரபிலும் பயிற்சி முறை இருக்கிறது. யாரும் முதல் வருஷமே குருசாமி ஆவதில்லை. முதலில் தண்ணீர்க் குடம், பிறகு சமையல் சாமான், பிறகு கணக்கு, பிறகு இரவில் சாலையோரம் பிரதிபலிப்புக் குச்சியைப் பிடித்துக் கடைசியில் நடப்பது. வருஷத்துக்கு ஒரு சிறு பொறுப்பு கூடுகிறது. மாலை போட்டிருக்கும் நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. முதலாளியும் அவர் கடைப் பையனும் அந்தச் சில நாட்கள் ஒரே விளிப்பில் பேசிக்கொள்கிறார்கள். தலைவனின் காதுக்குக் கடைசி ஆளின் சொல் போய்ச் சேர இந்த விளிப்பு வழி விடுகிறது.

நான்காவது மரபு இந்த மண்ணில் புதியது, சுமார் முக்கால் நூற்றாண்டுதான். காந்தியடிகள் ஹரிஜனங்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்று வைத்திருந்தார். மதுரை மீனாட்சி கோயில் 1939இல் அ.வைத்தியநாத ஐயர் முயற்சியால் திறந்தது. 1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்து வணங்கினார். பிறருக்குச் சொல்லும் விதியை முதலில் தனக்குப் போட்டுக்கொண்ட தலைமை அது. மறு வருஷம், 1947இல், திண்டுக்கல் அருகே காந்திகிராமம் பிறந்தது. தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும். சௌந்தரம் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதில் முதல் கணவரை இழந்து, டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். பெரிய நகரத்தில் ஆஸ்பத்திரி நடத்தியிருக்கலாம். ஆனால் சின்னாளபட்டி நெசவாளர்களுக்கும் சுற்றுக் கிராமத்துத் தாய்மார்களுக்கும் சிறியதாகப் பிரசவ வைத்தியம் தொடங்கினார். 1962இல் திண்டுக்கல் தொகுதியில் வென்று மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் ஆனார்.

பதவியைவிட அவர் ஆட்களை உருவாக்கிய விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கஸ்தூர்பா அறக்கட்டளையின் வழியே கிராமத்துப் பெண்களைக் கிராம சேவிகைகளாகப் பயிற்றுவித்தார்கள். அதிகம் படிக்காத பெண், கணவனை இழந்த பெண், வீட்டை விட்டு வெளியே வந்தே பழகாத பெண் வந்து, பயிற்சி முடிந்து, வேறொரு கிராமத்தில் தனியாக நின்று வேலை செய்தாள். தலைவர்களைத் தேடிக்கொண்டிராமல், யாரும் தலைவர் என்று எண்ணாதவர்களைத் தலைமைக்குப் பழக்கிய மரபு இது. அளவுகோலும் அதற்கேற்றது: நீ போன பிறகு உன் வேலையைச் செய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான்கு மரபுகளில் எது உயர்ந்தது என்று கேட்டால், தயங்காமல் முதலாவதைச் சொல்வேன். காலுக்கும் தோளுக்கும் பயிற்சி தர ஆயிரம் வழி உண்டு. குருசாமியின் பொறுமையை ஐந்தாறு தைப்பூசத்தில் கற்கலாம், கிராம சேவிகையின் துணிவை ஒரு நல்ல பயிற்சிக்கூடம் தரும். தன் தவறைத் தன் முகத்துக்கு நேரே கேட்கிற பழக்கம் மட்டும் பதவி வந்த பிறகு வராது. அதைப் பதவிக்கு முன்பே, சிறு பொறுப்பில் இருக்கும்போதே பழக வேண்டும். நம் ஊரில் இன்று இல்லாதது அதுதான். பாராட்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் பஞ்சமில்லை. பரணரைப் போல, எனக்கு எதுவும் வேண்டாம், நீ இதைச் சரிசெய் என்று சொல்லும் ஆள்தான் இல்லை. அப்படி ஒருவர் வந்தால் அவரை உட்கார வைக்க ஒரு நாற்காலியும் நம் மேடைகளில் இல்லை.

ஆகவே அடுத்த தைப்பூசத்துக்குக் குழு சேர்க்கும் இளைஞர்களையும், கல்லூரி மன்றங்களுக்குப் பொறுப்பாளர் தேர்ந்தெடுக்கும் மாணவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேர் முன்மொழியும் முன்பு, அந்த ஆளோடு கடைசியில் நடந்தவரையும், அவர் வீட்டில் இருப்பவரையும், அவரிடம் ஒருமுறையாவது மறுத்துப் பேசியவரையும் விசாரியுங்கள். மூவரும் சரி என்று சொன்னால் பொறுப்பைக் கொடுங்கள், சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்.