செல்லுக்கு ஒரு பத்தியம்

மருந்து உண்பவருக்குப் புளியை நிறுத்திப் பத்தியம் வைப்பது நம் வீட்டு வழக்கம். ஃபுளூ தடுப்பூசிக்காக வளர்க்கப்படும் ஒரு செல்லுக்கும் அப்படி ஒரு பத்தியம் உண்டு. அதன் நுட்பம் எண்ணி எண்ணிச் சுவைக்கத்தக்கது.

எம்.டி.சி.கே. என்பது அந்தச் செல்லின் பெயர். 1958-இல் மேடின், டார்பி என்னும் இருவர் காக்கர் ஸ்பானியல் நாய் ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வம்சம். வழக்கமான கோழிமுட்டைக்குப் பதிலாக இந்த வம்சத்தில் விளைந்த ஃபுளூ தடுப்பூசிக்கு 2012-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

இச்செல்லுக்கு வழக்கமாகப் பரிமாறப்படும் உணவில் முக்கியமானவை குளுக்கோஸும் குளுட்டமினும். இரண்டையும் அள்ளி உண்ணும், முழுதும் செரிக்காது. குளுக்கோஸில் பெரும்பங்கு லாக்டிக் அமிலமாக வெளியேறிவிடும். குளுட்டமினில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிய பிறகுதான் எஞ்சிய கார்பன் செல்லின் அடுப்பில் எரியும். கழன்ற நைட்ரஜனில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் கரைசலில் சேரும். செல் தொடாமல் விட்டாலும், 37 டிகிரி வெப்பத்தில் குளுட்டமின் தானே சிதைந்து அம்மோனியாவை விடும்.

அம்மோனியா மிஞ்சினால் செல்லின் வளர்ச்சி குன்றும். இன்னொரு தீங்கும் உண்டு, நயமே அங்கேதான். வைரஸைச் செல் ஒரு சிறு பைக்குள் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பையின் உட்புறம் புளிக்க வேண்டும். புளிப்பு ஏறினால்தான் வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்னும் புரதம் உருமாறும். வைரஸின் சவ்வையும் பையின் சவ்வையும் ஒட்டவைத்து உள்ளே வழி திறக்கும். அம்மோனியாவோ காரம். பைக்குள் புகுந்து அந்தப் புளிப்பை முறித்துவிடும். தடுப்பூசிக்காக வைரஸைப் பெருக்க நினைக்கும் இடத்தில், செல்லின் சாப்பாட்டு மிச்சமே வைரஸின் வாசலை அடைத்துவிடக்கூடும்!

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இவோன் கென்ட்செல், உடோ ரைக்ல் குழுவினர் இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். 2005-இல் வெளியான அவர்கள் ஆய்வில் குளுட்டமினை நிறுத்திவிட்டுப் பைருவேட்டைப் பரிமாறினார்கள். செல் குளுக்கோஸைப் பாதி சமைக்கும்போது கிடைப்பதுதான் பைருவேட். அதையே கொடுத்தால் அரைச் சமையல் முடிந்த பண்டம் நேரே அடுப்புக்குப் போகும். அதில் நைட்ரஜன் ஓர் அணுகூட இல்லை. அது எரிவதால் அம்மோனியா பிறக்க வழியில்லை. செல்கள் தயக்கமின்றி வளர்ந்தன. குளுக்கோஸை உண்பதும் குறைந்தது, லாக்டிக் அமிலமும் குறைந்தது. ஒரு பண்டத்தை மாற்றியதில் இரண்டு கழிவுகளும் அடங்கின.

நம் பத்தியம் புளியை விலக்கும். இந்தப் பத்தியமோ ஒரு துளிப் புளிப்பைக் காக்க வந்தது. பெரிய எந்திரம் எதையும் புதிதாகக் கேட்காமல், எது செரிக்கும், எது மிச்சமாகும் என்று செல்லின் வயிறறிந்து இட்ட உணவு இது. பசியறிந்து பரிமாறுவது நல்ல கை. மிச்சமறிந்து பரிமாறுவது அதனினும் தேர்ந்த கை.