பக்கத்து நாற்காலியில் ஒருத்தி

கல்லூரி விடுதியில் எனக்குக் கொஞ்சம் புகழ் இருந்தது. என் அம்மாவைப் போல நன்றாகப் பேசிக் காட்டுவேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் துப்பட்டாவை முந்தானைபோல இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வராத எவர்சில்வர் தூக்கைப் பற்றி அம்மா நடத்தும் விசாரணையை நடித்தால் அறையே அதிரும். மூன்றாம் ஆண்டில் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். அறை வாசலில் நின்று, "எல்லாரும் சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், தோழிகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். எதற்கென்று தெரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

பெண் வேடமிடும் ஆண் நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு குறுக்கே வருகிறது. 'ஓர் ஆண் நம் உடையைப் போட்டுக்கொண்டு நம்மையே கேலி செய்கிறான்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுத என்னால் முடிவதில்லை. நான் பெண். நானும் அதைத்தானே செய்தேன்?

அந்தக் கலைஞர்களில் உலகம் நன்கறிந்தவர் ஆஸ்திரேலியாவின் பாரி ஹம்ஃப்ரீஸ். 1934இல் மெல்பர்னில் பிறந்து, 2023 ஏப்ரலில் சிட்னியில் இறந்தவர். அவர் படைத்த பெண்ணின் பெயர் டேம் எட்னா எவரேஜ். ஊதா நிறத் தலைமுடி, சிறகு விரித்தாற்போன்ற மூக்குக்கண்ணாடி, கை நிறைய கிளாடியோலஸ் பூக்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தப் பெண்ணாக மேடையேறினார்.

எட்னா பிறந்தது ஒரு பேருந்துப் பயணத்தில். 1955இல் ஹம்ஃப்ரீஸ் ஒரு நாடகக் குழுவோடு விக்டோரியா மாநிலத்தின் சிற்றூர்களைச் சுற்றிவந்தார். நாடகம் முடிந்ததும் ஊர்ப் பெண்மணி ஒருவர் நன்றியுரை சொல்வார். அடுத்த ஊருக்குப் போகும் வழியில் ஹம்ஃப்ரீஸ் அந்தக் குரலில் பேசிக் காட்டி, சக நடிகர்களைச் சிரிக்கவைத்தார். அந்த டிசம்பரில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் யூனியன் அரங்கில் குரல் மேடையேறியது. மறுவருடம் மெல்பர்னில் ஒலிம்பிக். வெளிநாட்டு வீரர்களுக்குத் தன் வீட்டு அறையைத் தர முன்வரும் இல்லத்தரசியின் பேச்சுதான் காட்சி. அவள் பெயர் திருமதி நார்ம் எவரேஜ். முன்னால் கணவனின் பெயர், பின்னால் 'ஆவரேஜ்' என்ற சொல்லின் ஆஸ்திரேலிய உச்சரிப்பு. நார்ம் என்பவனின் சராசரி மனைவி, அவ்வளவே. அந்த வேடத்தை ஸோயி கால்ட்வெல் என்ற நடிகை ஏற்கட்டும் என்றுதான் ஹம்ஃப்ரீஸ் முதலில் சொன்னார். அவருக்கு வேறு வேடங்கள் இருந்ததால், நீயே போடு என்றார் இயக்குநர் ரே லாலர்.

இதில் வர்க்கமும் கலந்திருக்கிறது. ஹம்ஃப்ரீஸின் அப்பா வீடுகள் கட்டிச் செழித்தவர். மகன் வளர்ந்தது கேம்பர்வெல் என்ற வசதியான பகுதியில். எட்னாவை அவர் குடிவைத்ததோ அந்தஸ்தில் ஒருபடி இறங்கிய மூனி பாண்ட்ஸில். எட்னாவிடம் அவருடைய அம்மா லூயிசாவின் சாயலும் உண்டு. மகன் ஆசையாய்ச் சேர்த்த புத்தகங்களை, படித்தாயிற்றே என்று தானமாகக் கொடுத்தனுப்பிய அம்மா அவர். அதை ஹம்ஃப்ரீஸ் பிற்காலத்திலும் மறக்காமல் எழுதினார். பல்கலைக்கழகம் போன மகன், வீட்டோடு இருந்துவிட்ட அம்மாவின் திரைச்சீலைகளையும் உபசாரத்தையும் மேலிருந்து பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இது. விடுதியில் நான் சிரித்ததும் அதே உயரத்திலிருந்துதான்.

ஆனால் எட்னா அங்கேயே நின்றுவிடவில்லை. அதனால்தான் அவளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஹம்ஃப்ரீஸ் 1959இல் லண்டன் போனார். மெல்ல மெல்ல அந்தச் சராசரி மனைவிக்கு ஆணவம் வந்தது. 1974இல் வந்த ஒரு திரைப்படத்தில், பிரதமர் கஃப் விட்லம் பிரதமராகவே தோன்றி அவளுக்கு 'டேம்' பட்டம் கொடுத்தார். ஆண்களின் 'சர்' பட்டத்துக்கு இணையானது அது. 1976இல் லண்டனில் 'ஹவுஸ்வைஃப், சூப்பர்ஸ்டார்!' என்று தன் பெயரில் ஒரு நிகழ்ச்சி. 1999இல் பிராட்வே, 2000இல் சிறப்பு டோனி விருது. இதற்கிடையே கணவன் நார்ம் புராஸ்டேட் சுரப்பி நோயோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். மேடைக்கு அவன் வந்ததேயில்லை. குடும்பக் கதைகளில் பேசாமல் படுத்துக்கிடக்கும் மனைவிகளை நமக்குத் தெரியும். இங்கே படுத்திருப்பவன் கணவன். உலகம் சுற்றுபவள் மனைவி. முன்வரிசைப் பெண்களிடம் உன் வீட்டுக் குளியலறை என்ன நிறம், இந்தச் சட்டையை எங்கே எடுத்தாய் என்று துருவித் துருவிக் கேட்பாள். எதற்கும் மன்னிப்புக் கேட்க மாட்டாள். பெண்கள் அவளை ரசித்ததில் வியப்பில்லை.

ஆனால் அதே 1955இல், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபிலிஸ் டில்லர் முதன்முறையாக ஒரு கேளிக்கை விடுதி மேடையில் ஏறினார். அவருக்கு வயது 37, ஐந்து பிள்ளைகள். வேடமே தேவைப்படாத அசல் இல்லத்தரசி. அவரும் வீட்டையும் கணவனையும் வைத்தே சிரிக்கவைத்தார். ஆனால் கேலிக்கு முதல் பலி அவரேதான். தன் முகம் அசிங்கம், தன் சமையல் கேவலம் என்றார். நல்ல உடல்வாகு இருந்தும், அந்த நகைச்சுவைக்கு அது ஒத்துவராது என்று தொளதொளவென்ற உடைகளுக்குள் அதை மறைத்தார். எட்னாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'நான் அழகி, நான் பெரியவள், நீங்கள்தான் பாவம்' என்று கூசாமல் சொன்னாள். உள்ளே இருப்பது ஆண் என்று அரங்கத்துக்குத் தெரியும். அதனால் அந்த ஆணவம் ரசிக்கப்பட்டது. ஒரு பெண் அதே தொனியில் பேசியிருந்தால் திமிர் பிடித்தவள் என்றிருப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் எட்னாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அம்மாவுக்கு அவ்வளவாகப் புரியாது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்துல உக்காந்திருக்கே அந்தம்மா, அது ஏன்டி வாயே திறக்க மாட்டேங்குது?"

அந்தம்மா மேட்ஜ் ஆல்சாப். எட்னாவின் கல்யாணத் தோழி, நியூசிலாந்துக்காரி, அடிபட்டுக்கொண்டே இருக்கும் கைத்தடி. 1987இல் தொடங்கிய பேட்டி நிகழ்ச்சியில் அவளாக நடித்தவர் எமிலி பெர்ரி. அப்போதே எண்பதை எட்டிய, மேடையில் தழும்பேறிய நடிகை. அவருக்கு வசனம் கிடையாது. எட்னா திட்டுவாள், விரட்டுவாள், விருந்தினர் முன் அவமானப்படுத்துவாள். மேட்ஜ் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. பெண்ணாக வேடமிட்ட ஆண் இடைவிடாமல் பேச, பக்கத்தில் அசல் பெண் ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் எத்தனையோ முறை பார்த்தும் கவனிக்காததை அம்மா ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

ஆகவே என் கேள்வி உடையைப் பற்றியது அல்ல. யார் எந்த உடையும் போட்டுக்கொள்ளட்டும். அந்த உடையில் கிடைத்த துணிச்சல் யார்மீது பாய்ந்தது என்பதுதான் கேள்வி. 2003இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் ஆலோசனைப் பகுதியில், ஸ்பானிய மொழி பேசுபவர்களை வேலைக்காரர்கள் என்று எட்னா ஏளனம் செய்தாள். நடிகை சல்மா ஹாயெக் உட்படப் பலர் கொதித்தார்கள். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. பேசியது எட்னாதான், அப்படிப்பட்டவர்களைக் கிண்டல் செய்யவே அவள் இருக்கிறாள் என்று ஹம்ஃப்ரீஸுக்காக வாதாடியவர்கள் உண்டு. 2018இல் திருநர்களை அவர் இழிவாகப் பேசியபோது அந்த வாதமும் உதவவில்லை; அது அவருடைய சொந்தக் குரல். மறுவருடம் மெல்பர்ன் நகைச்சுவை விழா தன் முதன்மை விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பெண் உடையில் சம்பாதித்தவருக்கு, அந்த உடையை வாழ்க்கையாகவே கேட்பவர்கள்மீது இரக்கம் வரவில்லை.

ஹம்ஃப்ரீஸ் மாபெரும் கலைஞர். இன்றும் பார்த்துச் சிரிக்கிறேன். ஆனால் இப்போது எமிலி பெர்ரியையும் பார்க்கிறேன். முகம் கலையாமல் உட்கார்வது எவ்வளவு கடினமான நடிப்பு! அவர் ஒருமுறை சிரித்திருந்தாலும் எட்னாவின் அடுத்த வரி விழுந்திருக்கும். நூறு வயது வாழ்ந்து 2008இல் அவர் இறந்தார்.

அன்றிரவு அம்மாவிடம் விடுதிக் கதையைச் சொல்லிவிட்டேன். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை.

"அன்னிக்கே தெரியும்டி. நான் பேசினதும் எல்லாரும் உன்னையில்ல பாத்தாங்க."

"அப்புறம் ஏம்மா நீயும் சிரிச்சே?"

"நான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா, அத்தனை பேர் முன்னாடி உனக்கில்ல அசிங்கம்?"