சக்ஸபோன் கண்ட இரு திருப்பங்கள்

அருங்கலை பயின்றோன் மெல்லிசைக்குத் திரும்புதல் இழிவு என்பார் உளர். இக்கூற்று எல்லார்க்கும் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் அல்பேட் ஐலர், தாளக்கட்டினைத் துறந்த சுதந்திர ஜாஸ் நெறியிற் புகழ்பெற்றவர். 1968 ஆம் ஆண்டு ஒலிப்பதிவான ‘நியூ கிராஸ்’ தொகுதியில், பாட்டும் துள்ளுதாளமும் விரவிய ‘றிதம் அன்ட் புளூஸ்’ முறைக்கு அவர் மாறினார். விலைபோனார் எனப் பலர் பழித்தனர். ஆயின், இளமையில் லிற்றில் வோல்ற்றருடன் அவர் வாசித்ததும் அவ்விசையே. எனவே, திரும்பியது குற்றமன்று. அழுத்தமான தாளம் அவர்தம் நெடுமூச்சைச் சிறைப்படுத்தியதே குறை.

தென்னாட்டில் கத்ரி கோபால்நாத் (1949–2019) நாதசுர வித்துவானின் மைந்தர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிற் கேட்ட சக்ஸபோனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர். நாதசுரத்தில் துளைமேல் நேரே பதியும் விரலும் கமகம் எழுப்பத் துணைசெய்யும். சக்ஸபோனிலோ விசைமூடி இடைநிற்பதால், உதடும் மூச்சும் அதனை நிரப்புதல் வேண்டும். 1994 இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில், சக்ஸபோன் வாசிக்கும் நாயகனுக்காக அவர் ஊதியபோது ஆலாபனையின் விரிவு குன்றியது, கமகம் குன்றவில்லை. அவ்வாண்டே இலண்டன் ‘புறொம்ஸ்’ விழாவிலும் அவர் கச்சேரி செய்தார்.

பெரகராவில் ஹொரணேவவும் கோயிலில் நாதசுரமும் கேட்டு வளரும் கண்டி மாணாக்கர், இசையின் துறைப்பெயரை நோக்காது, கலைஞனின் மூச்சு அங்கே உயிரோடுளதா என நோக்கித் தீர்ப்புக் கூறுவாராக.